அண்ணியின் கழுத்து திரும்பிய கதை

என் அண்ணி பஸ் ஓட்டுகிறவர். பதினாறு வருஷமாகப் பெரிய வண்டிதான். பணிமனையில் அவரை அக்கா என்று கூப்பிடாத ஆள் கிடையாது, ஓய்வு பெறப்போகும் மெக்கானிக் உட்பட.

போன வருஷம், சிக்னலில் நின்றிருந்த அவர் வண்டியின் பின்னால் ஒரு லாரி வந்து இடித்தது. பயணிகள் யாருக்கும் ஒன்றுமில்லை, கடவுள் காப்பாற்றினார். அண்ணியின் தலை மட்டும் முன்னும் பின்னும் வெட்டி ஆடியது. எலும்பில் குறையில்லை என்றார்கள். ஆனால் அன்று பிடித்த தலைவலி பிடரியில் கிளம்பி, கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. மாதக்கணக்கில் விடவில்லை; கழுத்தும் சரியாகத் திரும்பவில்லை. அவரை டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்குள் ஓட்டுநர் தேர்வில் மறுபடி தேறாவிட்டால் அந்த நாற்காலியே நிரந்தரம் என்று கடிதமும் வந்தது. அதைப் படித்த அன்று அண்ணி சாப்பிடவில்லை.

கழுத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்பதுபோல் முகவாயை லேசாக உள்ளே இழுத்துப் பத்து எண்ண வேண்டும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். வலியோடு மல்லுக்கட்டக் கூடாது. காலையில் நான் பிரார்த்தனைக்கு உட்காரும் அறையிலேயே அண்ணி பாய் விரிப்பார். கண்ணைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். திறந்துவிடுவேன்.

இரண்டு மாதம் ஆகியும் திரும்புவது மட்டும் தேறவில்லை. நன்றாகத்தான் திரும்புகிறேன் என்று அண்ணி சாதித்தார். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, உங்க கண்ணுதான் போகுது. மூக்கு இருந்த இடத்துலயே இருக்கு."

பதினாறு வருஷமாகக் கண்ணை மட்டும் ஓட்டிப் பக்கக் கண்ணாடி பார்த்த பழக்கம். ஓரக்கண்ணில் சுவர் மூலை தெரிந்ததும், திரும்பியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வலிக்குப் பயந்த கழுத்துக்கும் அது வசதியாகப் போயிற்று.

அன்றிலிருந்து நான் எதிரே உட்கார்ந்து மூக்கைக் காவல் காத்தேன். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"மாமியார் இல்லாத குறைய நீ தீர்த்து வைக்கிறே" என்பார் அண்ணி. ஆனாலும் ஒரு நாள் விட்டதில்லை. தினமும் வந்த தலைவலி வாரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று, பிறகு ஒரு நாள். அடியோடு போய்விட்டது என்றால் பொய் சொன்னதாகும்.

தேர்வன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதிகாரி பஸ்ஸின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிவிட்டு, வலப்பக்கம் தள்ளி நின்று விரல்களைக் காட்டினார். ஓட்டுநர் இருக்கையில் இருந்த அண்ணி தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"மூணு."

அதிகாரி இடப்பக்கம் போனார். நான் கடவுளைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு. சட்டையில கடைசிப் பட்டன் போடல சார்."

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டு, தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அண்ணியின் முதல் டிரிப்பில் நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மாள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "வண்டி ஓட்டறது எங்க அண்ணி" என்று நானாகவே சொன்னேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவரிடமும் சொன்னேன்.