கடல் பக்கம் சரிந்த பானை

என் தங்கச்சி பொங்குவதைப் புகழாத ஆள் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். அதை இப்போது ஒளிப்பதில் என்ன இருக்கிறது? மூத்தவள் நான். அவள் சட்டை போடத் தெரியாமல் திரிந்த காலத்திலேயே நான் பொங்கல் பானையில் அகப்பை பிடித்தவள்.

இருவரும் ஒரே கட்டிடத்தில்தான் குடியிருந்தோம். நான் மூன்றாம் மாடி, அவள் இரண்டாம் மாடி. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம் அது. அம்மா ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கொழும்புக்கு வந்தார். சீனி வருத்தம், இடது கால் பெருவிரலில் ஆறாத புண். வந்தவர் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். வீட்டில் இருக்கிறவர்களின் பெயரையெல்லாம் பொலிஸில் பதிய வேண்டும் என்பதால், மறுநாளே ஓடிப்போய் அம்மாவின் பெயரை என் வீட்டுப் படிவத்தில் பதிந்துகொண்டு வந்தேன். அந்தப் படிவத்தைத் திட்டாத தமிழர் இல்லை. எனக்கோ காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

"அம்மா என்ர பதிவிலதான் இருக்கிறா" என்று தங்கச்சிக்குச் சொல்லிக் காட்டினேன்.

"அதுக்கென்னக்கா" என்றாள். சண்டைக்கும் வரமாட்டாள், அதுதான் அவளில் எனக்குப் பிடிக்காதது.

பின்னேரங்களில் அம்மா மெல்ல மெல்லப் படியிறங்கிக் கீழே போவார். திரும்பி வந்ததும் தொடங்கிவிடும் புராணம். சின்னவள் குரக்கன் மாவில் ரொட்டி சுட்டாள், சின்னவள் சொப்பிங் பை வாங்காமல் பன்புல் பையோடு சந்தைக்குப் போகிறாள், சின்னவள் தேயிலைச் சக்கையைப் போட்டு பல்கனியில் வல்லாரை வளர்க்கிறாள். "அவளிட்ட ஒண்டும் வீணாப் போகாது, பிள்ளை." அப்படியென்றால் என்னிடம் எல்லாம் வீணாகப் போகிறதா? கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஒரு நாள் அம்மா தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கீழ் வீட்டிலும் சீனி இல்லை, மேல் வீட்டிலும் இல்லை. மனுசிக்கு வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது? அடுத்த முறை ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். சொல்லவில்லை. குடித்து முடித்த அம்மா, "உன்ர கைத் தேத்தண்ணி தனி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மறுநாள் ஒன்றரைக் கரண்டி போட்டேன். அன்றிலிருந்து அம்மா கீழே போனாலும் தேத்தண்ணி நேரத்துக்கு மேலே வந்துவிடுவார்.

மார்கழியில் கிளினிக்கில் காட்டியபோது புண் இன்னும் பெரிதாகியிருந்தது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொன்னார். ஓட்டோவில் திரும்பி வந்து இறங்கியதும் வீட்டு வாசலில் வைத்து அம்மா சொன்னார்: "தைப்பொங்கல் முடியட்டும். பிறகு ஆரோட இருக்கிறதெண்டு யோசிச்சுச் சொல்லுறன்."

சீனியை அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அம்மா கீழே போய்விடுவார் என்றுதான் என் புத்தி வேலை செய்தது. பொங்கலிலாவது தங்கச்சியை ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

நடைபாதைக் கடையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்கினேன். கோலத்துக்குக் கலர்ப் பொடி, சாப்பிட்டுவிட்டு எறிகிற ரெஜிபோம் தட்டு, பொங்கப் புது எவர்சில்வர் பானை. இரண்டு மடங்கு சர்க்கரை, நெய், கஜு, பிளம்ஸ். என் மனுசன் சாமான்களைப் பார்த்துவிட்டு, "உதை ஆர் சாப்பிடுறது? மாமிக்கு இனிப்புக் கூடாதெல்லே?" என்றார். "வருசத்தில ஒரு நாள். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று அவரின் வாயை அடைத்தேன். வெடி ஒன்றுதான் வாங்கவில்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு சீனவெடி வெடித்தாலும் ஒழுங்கையையே சுற்றி வளைத்துவிடுவார்கள்.

தங்கச்சி என்ன செய்தாள் தெரியுமா? ஒழுங்கை முனையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரரிடம் முதல்நாளே போய், நாளைக் காலை மொட்டைமாடியில் புகை வரும், அது பொங்கல், பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கும் கட்டிடம் முழுக்க அவளுக்குப் புகழ். என் அடுப்பிலிருந்தும்தானே புகை வரப்போகிறது, எனக்கு அது தோன்றவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது.

பொங்கலன்று மொட்டைமாடியில் இரண்டு அடுப்பு. அவளுடையது மண்பானை, எரிக்கத் தேங்காய்ச் சிரட்டையும் தும்புப் பொச்சும். அரிசிமாக் கோலம் போட்டிருந்தாள். எறும்பு அப்போதே வந்துவிட்டது. சிவப்புப் பச்சையரிசி, நிறையப் பயறு, தேங்காய்ப்பால், பெயருக்குக் கொஞ்சம் சர்க்கரை. நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் அம்மா, காலில் வெள்ளைத் துணிக் கட்டோடு.

எங்கள் ஆட்களுக்குப் பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்பதுதான் முக்கியம். கிழக்கே வழிந்தால் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் நல்லது. போன வருஷம் தங்கச்சியின் பானை கிழக்கே பொங்கியது, என்னுடையது எந்தப் பக்கமும் பொங்காமல் அடிப்பிடித்தது. இந்த முறை விட நான் என்ன விசரியா? அவள் தண்ணீர் எடுக்கக் கீழே போன நேரம், அவளுடைய குவியலிலிருந்தே ஒரு சிரட்டைத் துண்டை எடுத்து, என் அடுப்பின் மேற்குக் கல்லுக்கு அடியில் செருகினேன். பானை பாமன்கடைப் பக்கமாக, சூரியன் வருகிற பக்கமாக, லேசாகச் சரிந்து நின்றது. திருப்தியாக இருந்தது.

சிரட்டை எரியும் என்பது எனக்குத் தெரியாதா? பக்கத்து அடுப்பில் அவள் அதைத்தானே எரித்துக்கொண்டிருந்தாள்! பொறாமையில் மண்டை வேலை செய்யவில்லை. பால் நுரைத்து விளிம்புக்கு வருகிற நேரம் பார்த்து அடியில் தீப்பிடித்த சிரட்டை நொறுங்கியது. கல் இறங்கியது. பானை ஒரு ஆட்டம் ஆடிக் கடல் பக்கமாகக் கவிழ்ந்தது. பால், அரிசி எல்லாம் மேற்கே ஓடிக் கலர்ப் பொடியைக் கரைத்துக்கொண்டு மழைத்தண்ணிப் பீலிக்குள் போனது.

"ஐயோ அக்கா, கை சுட்டதே?" தங்கச்சி ஓடி வந்தாள். கல்லுக்கடியில் புகைந்துகொண்டிருந்த சிரட்டைத் துண்டைக் கண்டாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குச்சியால் அதைத் தள்ளித் தன் அடுப்புக்குள் போட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுடைய பொங்கலைத்தான் எல்லாரும் வாழையிலையில் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது, நாசமாய்ப் போக. சாப்பிட்ட பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"நான் சின்னவளோட போய் இருக்கப் போறன்."

"பானை சரிஞ்சதெண்டோ?"

"அந்தச் சிரட்டையை நீ வைக்கேக்கயே நான் கண்டனான்."

நான் எச்சில் இலையை மடித்தேன்.

"சீனி போடுறதும் எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்."

"பிறகு ஏனம்மா சொல்லேல்ல?"

"சொன்னா நிப்பாட்டிப் போடுவாய்." அம்மா தன் காற்கட்டைப் பார்த்தார். "உன்னட்ட எண்டா என்னால வேண்டாம் எண்டு சொல்ல ஏலாதடி. அவளிட்ட ஏலும். அதுதான் போறன்."

இத்தனை நாள் நான் கேட்க ஏங்கிய சொல் அது. அதைச் சொல்லித்தான் அம்மா என்னை விட்டுப் போனார்.

அம்மாவின் பையை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்பே புண் காய்ந்தது, விரல் தப்பியது. அந்தப் பெயரும் தங்கச்சிக்குத்தான்.

ஆனால் அதற்கெல்லாம் முதல், பொங்கலுக்கு அடுத்த கிழமை, பொலிஸ் பதிவை மாற்றப் போக வேண்டியிருந்தது. தங்கச்சி தான் போவதாகச் சொன்னாள். விடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா கொஹெத கியே?" என்று கேட்டார். அம்மா எங்கே போய்விட்டார் என்று கேட்கிறார். கீழ் மாடிக்கு என்றேன். ஒரு மாடிக்காகவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று சிரித்தார். பிறகு அடிமட்டத்தை வைத்து, என் வீட்டு ஆட்களின் வரிசையில் அம்மாவின் பெயரை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.