ஆட்காட்டி மறித்த வண்டி

என் கோழிக் கிறுக்கலையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு பக்கம் முழுக்க எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வருடம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டுக்கல்லில் வாடகை வேன் ஓட்டுகிறேன். பறவை பார்க்கிறவர்கள் பத்துப் பேரை எரியோடு பக்கம் ஒரு குளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பறவைகளை அடையாளம் சொல்ல ஒரு கல்லூரி ஆசிரியை கூட வந்தார். எல்லாரும் கரைமேல் நடந்து போனார்கள். முழங்கால் வலியென்று ஒரு அம்மா மட்டும் வண்டியிலேயே இருந்துகொண்டார்.

வேனை வேலமர நிழலில் போடலாமென்று சரளைத் தரையில் இறக்கினேன். எதிரே ஓர் ஆட்காட்டிக் குருவி வந்து நின்று கத்தியது. ஹாரன் அடித்தேன். நகரவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு இன்னும் கத்தியது. வண்டி பக்கத்தில் போனால் பறந்துவிடும் என்று மெதுவாக உருட்டினேன்.

“செத்த நிறுத்துங்கண்ணே. பறக்கத் தெரிஞ்சது ஏன் பறக்காம நிக்கிது?” என்றார் அந்த அம்மா.

இறங்கிப் பார்த்தேன். டயருக்கு ஒரு சாண் முன்னால் நாலு முட்டைகள், கல்லோடு கல்லாக. சின்ன வயதில் ஆடு மேய்த்தவன் நான். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹாரன் அடித்திருக்கிறேன். ஏறி வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

அதற்குள் போனவர்கள் குறுக்கு வழியாக, அதே சரளையில் பரவலாகத் திரும்பி வந்தார்கள். மேலே ஒரு கழுகு சுற்றியது. அத்தனை பேர் கண்ணும் தொலைநோக்கியில். ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. படித்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஓடிப்போய்க் கைகளை விரித்து நடுவில் நின்றுவிட்டேன்.

“என்ன டிரைவரண்ணே, பாதயாத்திரைய மறிக்கிறீக? பழனிக்காரன் கோவிச்சுக்கிருவான்” என்று ஒருவர் சிரித்தார்.

“கால வைக்காதீக. கீழ முட்ட கெடக்கு.”

சிரிப்பு நின்றது. ஆசிரியை இரண்டடி தள்ளிக் குனிந்தார். நான் விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? எங்க கண்ணுல படலையே” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். வண்டியில் இருந்த அம்மாவும் சொல்லியிருக்க மாட்டார்.

“நான் கண்டுபிடிக்கல டீச்சர். வண்டிய ஏத்தப் பாத்தேன். அந்தம்மாதேன் நிறுத்தச் சொன்னாக.”

டீச்சர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். சுருங்கவில்லை. “அடுத்த தடவையும் நீங்கதான் வரணும். ஆனா வண்டில உக்காரக் கூடாது, எங்களோட நடக்கணும்” என்றார்.

எல்லாரும் சுற்றுவழியாக வந்து ஏறினார்கள். நாங்கள் தள்ளிப் போனதும் அந்தப் பறவை முட்டைமேல் போய் உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

இப்போதெல்லாம் பறவையானாலும் சரி, மனிதரானாலும் சரி, எதிரே நின்று கத்துகிறவரைக் கண்டால் ஹாரனில் கை வைப்பதில்லை. எதைக் காப்பாற்றக் கத்துகிறார் என்று முதலில் இறங்கிப் பார்க்கிறேன்.

எழுதி முடித்தது: சித்திரை மூன்றாம் தேதி.