நாக்கு சார் போட்ட ஒன்பது

அந்தத் தக்காளிக் கூழ் தொழிற்சாலையில் அவருக்கு 'நாக்கு சார்' என்றுதான் பெயர். முப்பது வருடத்துக்கு முன்னால் வாசலில் லாரி லாரியாக வந்து இறங்கும் தக்காளியைத் தரம் பிரிக்கச் சேர்ந்தவர். ஒரு பழத்தைக் கிள்ளி மோந்தால் போதும், எந்த லாரியின் அடியில் அழுகல் இருக்கிறதென்று சொல்லிவிடுவார். அது நிஜமான திறமை, இல்லையென்று சொன்னால் பாவம். அதை வைத்தே மேற்பார்வையாளர், மேலாளர், உற்பத்தித் தலைவர் என்று கிடுகிடுவென ஏறினார். தன்னைத் தவிர யாருக்கும் நாக்கே இல்லை என்ற நினைப்பும் கூடவே ஏறியது.

திங்கட்கிழமை தோறும் ருசி பார்க்கும் கூட்டம். முதலில் அவர் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பலகையில் மதிப்பெண் எழுதுவார். பிறகு எட்டு அதிகாரிகளும் அதைவிட அரை மதிப்பெண் குறைத்து எழுதுவார்கள். அவ்வளவு மரியாதையாம்! தட்டை ஏந்தி நிற்கும் பரிசோதனைக்கூடத்து அம்மாவுக்கு மட்டும் மதிப்பெண் போட உரிமை கிடையாது.

ஒரு காய்ச்சலில் அவருக்கு வாசனை அடியோடு போயிற்று. மனுஷனாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருப்பார். ஆனால் இரண்டு மாதத்தில் நிர்வாக இயக்குநர் நாற்காலி காலியாகப் போகிறது, மூக்கு செத்தவருக்கு அதை யார் கொடுப்பார்கள்? கமுக்கமாக இருந்துகொண்டார். கண்ணை மூடுவார், சப்புக்கொட்டுவார், குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதுவார்.

குளிர்பதனம் பழுதாகி இரண்டு நாள் கிடந்த தொட்டியின் கூழ் ஒரு திங்கட்கிழமை தட்டில் வந்தது. ஊசிய வாடை அறை முழுக்க அடித்தது. அவர் ஒன்பது போட்டார். எட்டுப் பேரும் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டு எட்டரை போட்டார்கள். கண்ணில் நீர் முட்டிய ஒருவர் அருமை என்று வேறு சொன்னார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

"சார், இது ஊசிப்போச்சு. இன்னொரு தடவை மோந்து பாருங்க" என்றார் அந்த அம்மா.

"நான் பாத்தாச்சும்மா. தட்டை எடுங்க."

சரக்கு போனது. வாங்கியவர்களின் கிடங்கில் பீப்பாய்கள் உப்பி வெடித்தன. விசாரணை வந்தது. அவரைத் தள்ள வேண்டுமென்றால் எட்டரை போட்ட எட்டுப் பேரையும் தள்ள வேண்டும். அதனால் மாதிரியைச் சரியாக எடுக்கவில்லை என்று பழியை அந்த அம்மா தலையில் கட்டி, வேலையை விட்டு நீக்க முடிவானது. நாற்காலி அவருக்கே வந்தது. அதில் உட்கார்ந்து அவர் கையெழுத்துப் போட வேண்டிய முதல் காகிதமே அந்த அம்மாவின் நீக்க உத்தரவுதான்.

அந்த அம்மா எதிரில் வந்து நின்றார். அழவில்லை.

"உங்களுக்கு வாசனை தெரியலன்னு எனக்குத் தெரியும் சார். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இருபது வருடம் கூட வேலை செய்தவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியதா? மூச்! குரலைத் தாழ்த்தி அவர் கேட்டது ஒன்றுதான்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா போன சற்று நேரத்தில் எட்டு அதிகாரிகளும் பெரிய பூங்கொத்தோடு உள்ளே வந்தார்கள். அவர் அதை வாங்கி, முகத்தைப் புதைத்து, நன்றாக மூச்சை இழுத்தார்.

"என்னமா மணக்குது" என்றார்.

ஆமாம் சார் என்றார்கள் எட்டுப் பேரும்.