களத்துக்காரிகளின் சம்பள வரி

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து அரிசி ஆலையில் நாகம்மாள் களத்துக்காரியாக இருந்தவள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, காலால் கிளறிக் காயவைக்கிற வேலை. அந்த ஆவி வாசனையும், சூடு ஏறிய பாதமும், கூட வேலை செய்த காத்தாயியின் கேலியும் இன்றும் அவளுக்கு நேற்று நடந்தது போலத்தான்.

மாசி பிறந்தால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்வார். சம்பளத்தில் வரி பிடித்துவிட்டார்களாம். காத்தாயி விடமாட்டாள். "நமக்கும் ஒரு நாளு வரி புடிக்கட்டும்டி. களத்துக்கே கமர்கட்டு வாங்கித் தரேன்."

ஆலையை மூடியபோது முதலாளி, களத்துப் பெண்கள் தன் ஊழியர்களே இல்லை என்று கையை விரித்தார். பழைய பாக்கியும், மூடிய பிறகு வர வேண்டிய சம்பளமும் கேட்டு எல்லாரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அது வருஷக்கணக்கில் இழுத்த இழுப்பில் காத்தாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசியில் சமரசத்துக்கு வந்த ஆலைத் தரப்பு, கருணைத் தொகை என்று எழுதிக்கொள்ளலாம் என்றது. நாகம்மாள் ஒருத்திதான் முரண்டு பிடித்தாள்.

"கருணையா? வெயில்ல நின்னது நாங்க. சம்பள பாக்கின்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். பணம் கைக்கு வந்தபோது, சம்பளமாயிற்றே, வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

"உன் வீம்புக்கு எங்க வயித்துல அடிச்சிட்டியே அக்கா" என்று களத்தில் கூட நின்ற ஷோபனா அழுதாள். நியாயம்தானே, வீம்பு சோறு போடுமா? நாகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தஞ்சாவூரில் வரிக்கணக்குப் பார்க்கும் ஷமீராவிடம் ஓடினாள்.

ஷமீரா நிதானமாகப் படித்தாள். "சம்பள பாக்கின்னு இருக்கறது நல்லதாப் போச்சும்மா. மொத்தமா வந்ததாலதான் இவ்வளவு வரி. அந்தந்த வருஷத்துக்குப் பிரிச்சுக் காட்டினா, எந்த வருஷமும் வரி வர்ற அளவுக்கு உங்க சம்பளம் இல்ல. புடிச்சது திரும்பி வந்துடும். மத்தவங்களையும் வரச் சொல்லுங்க."

பிறகு ஒவ்வொரு வருஷமாகக் கேட்டு எழுதினாள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம், புயலில் தென்னை சாய்ந்த வருஷம், காத்தாயி போன வருஷம் என்று நாகம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எழுந்தபோது தயங்கினாள். "ஒரு ரூவாயாவது வரியா அங்கயே நிக்க வழி உண்டாம்மா?"

"எதுக்கும்மா?"

"காத்தாயின்னு ஒருத்தி இருந்தா..." அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பூட்டிக் கிடந்த ஆலை வாசலுக்கு எல்லாரையும் வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னாள். ஷோபனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகம்மாள் அந்தக் கையில் ஒரு கமர்கட்டை வைத்தாள்.

"காத்தாயி வாங்கிக் குடுத்தது. நமக்கும் வரி புடிச்சுட்டாங்கல்ல."