சுவர் அக்காவின் போனை எடுப்பவர்

சுவர்களில் படம் வரைவதுதான் அவருக்குப் பிழைப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் சுவர் அக்கா. கேட்டவர் யாராயிருந்தாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராத பிறவி. நாத்தனார் வீட்டுப் படுக்கையறை, நாத்தனாரின் சிநேகிதி வீட்டு மாடிப்படி, அந்தச் சிநேகிதியின் பல் டாக்டர் கிளினிக் என்று இருபது வருஷம் ஓசியில் வரைந்து தள்ளினார். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார்கள். ஒருத்தரும் பித்தளைக் காப்புகூடப் போடவில்லை. கடைசியில் மணிக்கட்டு வீங்கி, தம்ளரைத் தூக்கவே இடது கை தேவைப்பட்டது.

அவர் வேலை செய்யும் பழைய கிடங்கில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஜன்னலோரம் சக்கரம் போட்டிருக்கும் பானைத் தம்பி. நடுவில், நாடகங்களுக்கு உடை தைக்கும் மாஸ்டர். அக்காவின் கையைப் பார்த்துவிட்டு மாஸ்டர்தான் யோசனை சொன்னார்.

"நமக்காக முடியாதுன்னு சொல்ல நமக்கே வரல. அடுத்தவங்களுக்காகன்னா நல்லா வருது. போனை மாத்திக்குவோம்."

அன்றிலிருந்து வேலை நேரத்தில் அக்காவின் போன் பானைத் தம்பியிடம், அவன் போன் மாஸ்டரிடம், மாஸ்டர் போன் அக்காவிடம். மூன்றே மாதத்தில் கிடங்குக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது. மூவரும் உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட்டார்கள். அக்காவின் வீக்கமும் வடிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பானைத் தம்பி பெருமையாக ஆரம்பித்தான்.

"காலையில ஒருத்தரை நல்லா விரட்டிட்டேன்க்கா. நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரி மேனேஜராம். குழந்தைங்க வார்டுல சுவராம். அக்காவுக்கு நேரமே கிடையாதுன்னுட்டேன்."

அக்காவின் கை பாதியில் நின்றது. அந்த வார்டில்தான் அவர் மகள் ஆறு வயதில் பதினொரு நாள் படுத்திருந்தாள். எதிரே வெறும் சாம்பல் நிறச் சுவர். பொழுது போகாமல் அதிலிருந்த விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வரைகிறேன் என்று அக்கா அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை கடிதம் எழுதியிருந்தார். இங்கே யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இப்போது சொன்னார், அழுதுகொண்டே.

பானைத் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "நானே கூப்பிட்டு மன்னிப்பு கேக்கறேன்க்கா."

"குடு. நான் பேசறேன்."

மேனேஜர் இன்னும் வேறு ஆள் பார்க்கவில்லை. அக்காவுக்கு உயிர் வந்தது. "அப்ப அடுத்த வாரமே ஆரம்பிச்சு பத்து நாள்ல முடிச்சிடுங்க மேடம். குழந்தைங்களுக்குத்தானே, ஒரு சேவையா நினைச்சு..." என்றார் மேனேஜர்.

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா மணிக்கட்டைப் பார்த்தார்.

"வரேங்க. ஆனா கை குணமாகறதுக்கு ஆறு வாரம் ஆகும். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் வரைவேன். ஏணி பிடிக்க ஆள் வேணும். கூலி எப்பவும் வாங்கறதுதான்."

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடலாமா என்றிருந்தது அக்காவுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரிங்க. ஆறு வாரம் கழிச்சே வாங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். பானைத் தம்பி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேண்டாம்க்கா. என் வாய் சரியில்ல."

"இவ்வளவு நேரம் நான் கறாராப் பேசினது யாரு வாயாம்? பிடி."

அவன் வாங்கிய கையோடு போன் அடித்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க நாத்தனார்" என்றான்.

"நீயே எடு" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த கவளத்தை உருட்டினார்.