அவர் போனுக்குள்ள இருந்த பஞ்சு

எங்க ஊட்டுக்காரர் தவறி நாலு மாசமாச்சுங்க. உசுரோட இருந்தப்போ வீடியோ பார்த்து, கம்பெனி போட்ட பூட்டை ஒடைச்சுப் போனை ரூட் பண்றேன்னு உட்கார்ந்து பாதியிலேயே கெடுத்து வெச்சுட்டார். போனைப் போட்டா கம்பெனி பேர் வந்து வந்து அணையுது, உள்ளே போறதில்லை. சரி பண்றேன்னு சட்டைப் பையிலேயே வெச்சுத் தறி குடோனுக்குப் போய்ட்டிருந்தார். அவர் குரல் பதிவெல்லாம் அதுலதான்.

இன்னைக்கு மங்கலத்துல ஒரு போன் கடைக்குக் கொண்டு போனேன்.

"பழைய சாப்ட்வேரை ஏத்தினா எதுவும் அழியாம தொறந்துக்கும் அம்மிணி. ஆனா கம்ப்யூட்டருக்கு உங்க போனே தெரியலீங்களே"ன்னார் கடைக்காரர். மூணு வயர் மாத்தினார். கம்ப்யூட்டர் போனைக் கண்டுக்கறதுக்கு டிரைவர்ங்கற சாப்ட்வேரும் போட்டார். கடைசியில, "போர்டு போயிருக்கும்"னு உதட்டைப் பிதுக்கினார்.

சார்ஜர் குத்துற ஓட்டையில லைட் அடிச்சுப் பார்த்தேன். உள்ளே வெள்ளையா பஞ்சு. தறி ஓட்டுறவர் பையில வேறென்ன சேரும்? சேலையில குத்தியிருந்த ஊக்கை எடுத்து நோண்டினேன், கொத்தாப் பஞ்சு வந்துச்சு.

"விளக்குக்குத் திரியே போடலாமுங்க"ன்னு கடைக்காரர் சிரிச்சார்.

மறுபடி வயரைக் குத்தினதும் கம்ப்யூட்டருக்குப் போன் தெரிஞ்சுருச்சு. அரை மணி நேரத்துல தொறந்துருச்சு.

கடைசிப் பதிவை அமுக்கினேன். கொறட்டை சத்தம். நான் பஸ்ஸுல தூங்கினப்போ எடுத்திருக்கார். முடிவுல அடக்க முடியாம சிரிச்சுட்டே, "நான் கொறட்டையே விடலைன்னு இனிச் சொல்லட்டும், பாத்துக்கறேன்"ங்கறார்.

இனிச் சொல்ல மாட்டேனுங்க. கடையிலேயே நாலு தடவை கேட்டுட்டேன்.

உங்க ஊட்டுலயும் இப்படி ஆதாரம் சேர்த்து வெக்கறவங்க இருக்காங்களா?