வல்லக்கோட்டைக்கு மேலே முருகனைத் திட்டினேன்

அடியார்களே, சாந்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். விமானம் ஓட்டும் லைசென்ஸும் வாங்கியிருக்கிறேன். எங்கள் முதலாளியிடம் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று உண்டு. லீவு நாளில் அவரை ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டுவேன்.

அதில் ஒரு குமிழ் இறுகிக் கிடந்தது. பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரில், ஈரக்காற்று பட்டால் வெயில் நாளிலும் ஐஸ் பிடிக்கும், எஞ்சினுக்கு மூச்சடைக்கும். அந்தக் குமிழை இழுத்தால்தான் சூடான காற்று போய் ஐஸ் உருகும். குமிழோடு இணைந்த கேபிளை மாற்றுங்கள் என்று முதலாளியிடம் பலமுறை சொன்னேன்.

"நம்ம ஊரு வெயில்ல ஐஸா? இன்னாமா காமெடி பண்ற?" என்று சிரித்தார்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை. இறங்குவதற்காக எஞ்சின் வேகத்தைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது. சக்தி வடிந்துகொண்டே போனது. கீழே கம்பெனிக் கூரைகள், லாரிகள், நிரம்பிய ஏரி. இறக்க ஓர் இடமில்லை. குமிழை இழுத்தேன். அசையவில்லை. என் மகள் முகம் வந்து நின்றது.

வல்லக்கோட்டை முருகன் கோயில் கோபுரம் கண்ணில் பட்டது. கும்பிடவில்லை. கத்தினேன்.

"முருகா! கண்ணு தெரியலியா உனக்கு? உனக்கு மயில் கீது, எனக்கு இன்னா கீது? வந்து இழு!"

உடம்பின் பலமெல்லாம் சேர்த்து இழுத்தேன். குமிழ் வந்துவிட்டது.

ஆனால் எஞ்சின் முன்பைவிட மோசமாகக் குலுங்கியது. ஐஸ் உருகிய தண்ணீரை அது விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த முதலாளி அலறினார்: "உள்ள தள்ளுமா! செத்துருவோம்!"

குமிழை நோக்கி நீண்ட அவர் கையைத் தட்டிவிட்டேன். "கை வச்சீங்கன்னா நல்லாருக்காது சார்!"

இருமல் நின்றது. எஞ்சின் சீராக உறுமியது. தரையைத் தொட்ட பிறகுதான் அழுதேன்.

மறுநாள் முதலாளி கோயிலில் அன்னதானம் போட்டார். "எல்லாம் முருகன் செயல்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முருகன் அவன் வேலைய செஞ்சிட்டான். நீங்க உங்க வேலைய செய்யுங்க சார்."

அவர் முகம் கறுத்தது. கேபிள் மட்டும் மாறவில்லை. விமானத்துறை அதிகாரிகளிடம் புகார் கொடுத்தேன். அதன்பின் மாறியது. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

முன்பெல்லாம் யாராவது சிரித்தால் வாயை மூடிக்கொள்வேன். இப்போது மூடுவதில்லை. உயிரோடு சேர்த்து இந்தத் தைரியத்தையும் அவன்தான் கொடுத்தான். கிருத்திகைதோறும் போய் நன்றி சொல்கிறேன்.

உங்களுக்குக் கழுத்துவரை கஷ்டமா? நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள். திட்டிக்கொண்டேயாவது அவனிடம் போங்கள்.